பொன்முடிக்கு மேலே



திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு வழியாகப் பொன்முடிக்குச் செல்வோர், கல்லாற்றைக் கடந்ததும் இருபத்திரண்டு கொண்டையூசி வளைவுகளை ஏற வேண்டும். இங்கே உத்தியோக நிமித்தம் குடியேறிய நாங்கள் சில தமிழ்க் குடும்பத்தினர் ஒரு விடுமுறை நாளில் ஏறினோம். மேலே மூடுபனியும் குளிரும். சால்வை போர்த்திக்கொண்டுதான் உலவினோம். ஆயினும் வீடு திரும்பியதும் கண்ணாடியில் பார்த்தால் மூக்கும் கன்னமும் கறுத்திருந்தன. சுட்டது வெப்பமன்று, மெல்லிய பனியையும் ஊடுருவி வரும் புற ஊதாக் கதிர்.

இக்கதிரின் பெரும்பகுதியைத் தடுத்து நிறுத்துவது வானில் சுமார் 25 கிலோமீட்டர் உயரத்தில் செறிந்துள்ள ஓசோன் வாயு. அதனை முழுவதும் திரட்டிக் கடல் மட்டத்திற்குக் கொணர்ந்தால் மூன்று மில்லிமீட்டர் கனம் தேறும். நம் வெப்ப மண்டலத்திலோ அதற்கும் குறைவு. இத்தனைக்கும் சூரியன் பிராணவாயுவைப் பிளந்து ஓசோனை மிகுதியாக உண்டாக்குவது நம் தலைக்கு மேலேதான். உயரக் காற்றோட்டம் அதைத் துருவங்களை நோக்கிக் கொண்டுபோய்விடுகிறது. பிறந்த இடத்தில் தங்காத வகையில் அதுவும் நம் இனமே!

இதனை அளக்கும் பணியில் முன்னின்றவர் பாலக்காட்டுக் கல்பாத்தியில் 1893-இல் பிறந்த கே. ஆர். ராமநாதன். இளமையில் திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் பணியாற்றியவர். பின்னர் அகமதாபாத் பௌதிக ஆராய்ச்சிக் கூடத்தின் இயக்குநராகவும், சர்வதேச ஓசோன் குழுவின் தலைவராகவும் விளங்கினார். திருவனந்தபுரத்திலிருந்து வானிலை இலாகாவினர் பறக்கவிட்ட பலூன்களில் இருந்த கருவியின் தத்துவம் எளிது. பொட்டாசியம் அயோடைடு கரைசலில் காற்றைச் செலுத்துவார்கள். ஓசோன் அயோடினைப் பிரிக்கும். அதனால் எழும் சிறு மின்னோட்டம் ஓசோனின் அளவைச் சொல்லும். பொன்முடியிலும் இன்று பருவநிலை ஆய்வுக்கூடம் ஒன்று உண்டு.

இன்னொரு ராமநாதனையும் சொல்ல வேண்டும். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பயின்ற வீரபத்திரன் ராமநாதன், முதலில் செகந்திராபாத்தில் ஒரு குளிர்பதனப் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். குளிரூட்டும் வாயு கசிவதை ஆராய்வது அவர் பணி, அலுப்பூட்டும் பணிதான். 1974-இல் மொலினா, ரோலண்ட் என்னும் இருவர், அதே குளோரோபுளோரோகார்பன் வாயு மேலேறி ஓசோனை அழிக்கும் என்றனர். அமெரிக்கா சென்றிருந்த ராமநாதன், அதன் மூலக்கூறு ஒன்று கரியமில வாயு மூலக்கூறு பத்தாயிரத்திற்கும் மேற்பட்டவை செய்யும் அளவுக்குப் பூமியைச் சூடாக்கும் என்று 1975-இல் கணக்கிட்டுக் காட்டினார்.

1985-இல் அண்டார்க்டிகாவின் மேல் ஓசோன் வெகுவாகக் குறைந்திருப்பது வெளியாயிற்று. 1987-இல் மாண்ட்ரீல் உடன்படிக்கை பிறந்தது. 1992-இல் இந்தியாவும் சேர்ந்தது. இப்போதைய நடைமுறைகள் தொடர்ந்தால், அண்டார்க்டிகாவில் 2066-ஐ ஒட்டி 1980-இன் நிலை திரும்பும் என்பது 2022-ஆம் ஆண்டின் சர்வதேச மதிப்பீடு.

ஆனால் மாற்றாக வந்த ஹைட்ரோபுளோரோகார்பன், ஓசோனைத் தொடாவிடினும் பூமியைச் சூடாக்குவதில் சளைத்ததன்று. அதைக் குறைக்கும் கிகாலி திருத்தத்தை இந்தியா 2021-இல் ஏற்றது. எனவே வீட்டுக் குளிர்சாதனத்தைப் பழுதுபார்க்க வருபவர் பழைய வாயுவைச் சன்னலுக்கு வெளியே திறந்துவிட முற்பட்டால், சற்று நிறுத்தி, அதைச் சிலிண்டரில் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். கசிவை அடைத்த பிறகே புதியதை நிரப்பச் சொல்லுங்கள்.