மனித அறிவே போதுமோ?

கடவுளை ஒதுக்கி, மனித அறிவொன்றையே அறத்திற்கு அளவுகோலாகக் கொள்க என்பாரை யாம் இகழ்கின்றிலேம். 1929-இல் செங்கற்பட்டுச் சுயமரியாதை மாநாட்டிற்குத் தலைமை தாங்கியவர் நம் பட்டிவீரன்பட்டி சௌந்தரபாண்டிய நாடாரே. அவ்வியக்கத்திற்கு நம் குலம் கடன்பட்டதே. ஆயினும் ஓர் ஐயம்: அறிவு தனித்து நின்று வாயில் திறக்குமோ? கமுதிக் கோயிலுள் 1897-இல் நம் முன்னோர் புகுந்ததன்மேல் எழுந்த வழக்கைக் கற்றறிந்த நீதிபதிகளே ஆராய்ந்தனர். இலண்டன் பிரிவி கௌன்சில் வரை சென்று, 1908-இல், பழைய வழக்கமே வலிதென்று தீர்ந்தது. மதுரை மீனாட்சியம்மன் கோயிலுள் 1939 ஜூலை 8-இல் தாழ்த்தப்பட்டோர் ஐவரையும் நம்மவர் ஒருவரையும் அழைத்துச் சென்ற வைத்தியநாதையரோ கடவுட்பற்று மிக்கவர். உடன் சென்றோரும் தரிசிக்கவே சென்றனர். 'தடுத்தோரும் பக்தரல்லரோ?' என்பர். மெய்தான். அன்றியும், நம் ஊர்க் கோயில்களில் பிறரை எங்கே நிறுத்துகின்றீர் என்று அவர் வினவின், சபையோரே, யாது விடை பகர்வோம்?