சோர்வின் பின்னால் ஒரு சுரப்பி

இரு சிறுநீரகங்களின் மேலும் தொப்பிபோல அமர்ந்திருப்பவை அதிரினல் சுரப்பிகள். ஒவ்வொன்றின் நிறையும் ஏறத்தாழ 5 கிராமே. ஆயினும், அவற்றின் புறப்பகுதி சுரக்கும் ஓமோன்கள் இன்றேல் உயிர் நிலைப்பதில்லை.

இவ்வுண்மைக்கு வழிகாட்டியவர் இலண்டன் கைஸ் வைத்தியசாலையைச் சேர்ந்த தோமஸ் அடிசன். தீராச் சோர்வு, பசியின்மை, உடல் மெலிவு, தோல் கருமையடைதல் ஆகியவற்றால் வருந்தி மாண்டோரிடத்து இச்சுரப்பிகள் சிதைந்திருந்தமையை அவர் 1855ஆம் ஆண்டில் விளக்கினார். நோய்க்கு அவர் பெயரே நிலைத்தது.

அக்காலத்தில் கயரோகமே இதற்குப் பெருங்காரணம். உடலின் காப்புச் சக்தி தன் சுரப்பியையே தாக்குவதும் ஒரு காரணமென்பது பின்னர் தெளிவாயிற்று. நோய் மெல்லவே வளர்கிறது. உப்பில் மிகு விருப்பமும், எழுந்து நிற்கையில் தலைச்சுற்றும் உண்டாகும். கருநிறத்தாரிடம் தோலின் மாற்றம் எளிதிற் புலப்படாது. முரசு, உள்ளங்கை இரேகை, தழும்பு ஆகியவற்றை நோக்கல் வேண்டும். சோம்பலென்று வீட்டார் கடிந்துகொள்வது இந்நோயாகவும் இருத்தல் கூடும்.

குறைந்த ஓமோனை மாத்திரையால் ஈடுசெய்யும் மருத்துவம் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கைகூடியது. இதனால் நோயாளர் நெடுங்காலம் வாழ்கின்றனர். ஆயின், மாத்திரையைத் தாமாக நிறுத்தலாகாது. காய்ச்சல், சத்திரசிகிச்சை முதலிய வேளைகளில் நலமுள்ள சுரப்பி கூடுதலாகச் சுரக்கும். சிதைந்த சுரப்பிக்கு அஃது இயலாது. ஆகவே, வைத்தியர் சொற்படி அளவைக் கூட்டுதல் வேண்டும். வாந்தியால் மாத்திரை தங்காவிடின், தாமதியாது வைத்தியசாலையை நாடவேண்டும். அவ்வேளை ஊசிமருந்தே உயிர்காக்கும்.