எளியோர் பெயரும் கல்லில் நிற்க

திருச்சிற்றம்பலம்



குடமுழுக்குக் கண்ட திருக்கோயிலின் வரலாறு கூறப்புகுவோர், கற்றளி எடுப்பித்த மன்னனையும் நிவந்தம் அளித்த செல்வரையும் முதற்கண் குறிப்பர். அது முறையே. ஆயின், கல் பிளந்தவர், சுண்ணாம்பு அரைத்தவர், சாந்து சுமந்த பெண்டிர் ஆகியோரின் பெயர் அவ்வரலாற்றில் இடம்பெறுதல் அரிது. எளியோரை மறந்த வரலாறு நிறைவுடையதாகாது. இதனைச் சைவ நூல்களும் இவ்வட்டாரத்துப் பழங்கற்களும் ஒருங்கே உணர்த்துகின்றன.

சுந்தரமூர்த்தி சுவாமிகள் திருவாரூரில் அருளிய திருத்தொண்டத்தொகை, தனியடியார்களைப் போற்றுவதோடு அமையவில்லை. தனிப்பெயர் சுட்டப்படாத ஒன்பது திருக்கூட்டத்தாரையும் தொகையடியார் என வணங்குகின்றது. தமிழ்நாட்டிற்கு அப்பால் வாழ்ந்தவரும், காலத்தால் முன்னும் பின்னும் வாழ்பவரும் அவ்வணக்கத்துள் அடங்குவர். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெருமான் அத்தொகையைப் பெரியபுராணமாக விரித்தார். அங்கே, குயவராகிய திருநீலகண்டரும், ஆடை வெளுத்த திருக்குறிப்புத் தொண்டரும், மீன்பிடித்த அதிபத்தரும், முடிமன்னராகிய சேரமான் பெருமாளோடு ஒரே வரிசையில் வீற்றிருக்கின்றனர்.

அவ்வரிசையில் ஆதனூர்த் திருநாளைப்போவாரின் தொண்டு இப்பகுதியினர் சிறப்பாக நினைத்தற்குரியது. கோயிலுள் புகும் உரிமை மறுக்கப்பட்ட குலத்தில் தோன்றிய அப்பெரியார், கோயிற் பேரிகைகளுக்குத் தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும் அளித்து வந்தார். முழக்கம் கேட்டு உள்ளம் உருகியோர் எண்ணிலர். தோல் தந்த கையை நினைந்தோர் எத்துணையர்? ஆலங்காயத்தை அடுத்த வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் தோல் பதனிட்டு உழைப்போர் பல்லாயிரவர். அவர் பதனிட்ட தோல் காலணியாகிக் கடல் கடந்து செல்கின்றது. அவர் பெயர் உடன் செல்வதில்லை.

இனி, கற்கள் கூறுவதைக் காண்போம். ஆலங்காயம் சவ்வாது மலையின் அடிவாரத்தது. மலைக்கு அப்பால், தெற்கே, செங்கம் வட்டாரத்தில் மிகப் பல நடுகற்கள் கண்டறியப்பெற்றன. தமிழ்நாடு அரசின் தொல்பொருள் ஆய்வுத்துறை 1972இல் அவற்றை 'செங்கம் நடுகற்கள்' என்னும் நூலாக வெளியிட்டது. அவற்றுள் எடத்தனூர்க் கல், பல்லவன் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டினது. கருந்தேவகத்தி என்னும் ஏவலன் எருமைகளைக் காக்கும்பொருட்டு உயிர்விட்ட செய்தியை அது கூறுகின்றது. அம்மட்டோ! கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற நாயையும் உருவமாகப் பொறித்து, 'கோவிவன்' என்று அதன் பெயரையும் எழுதி வைத்தனர். குடைவரைக் கோயில்கள் கண்ட பேரரசன் பெயர் அங்கே ஆண்டு கணக்கிடுதற்கே பயன்பட்டது. கல் எடுக்கப்பெற்றது ஓர் எளியவனுக்கு. ஆம்பூரிலும் நிருபதுங்க பல்லவனின் 26ஆம் ஆட்சியாண்டு நடுகற்கள் உள்ளன. அவை ஆநிரை கவர வந்த படையோடு பொருது மாண்டவரை நினைவூட்டுவன.

இத்தகைய கற்களை வேடியப்பன் எனப் பொங்கலிட்டு வணங்குவோர் இப்பக்கங்களில் இன்றும் உளர். அவர்தம் எளிய வழிபாடே பல கற்களைக் காத்தது. காப்பாரற்ற கற்களோ வரப்பில் சாய்ந்தும் மண்ணில் புதைந்தும் மறைகின்றன. எழுத்துடைய கல்லொன்று உடைபட்டால், அதில் நின்றவன் இரண்டாம் முறை இறக்கின்றான் என்க.

ஆதலின், திருப்பணிச் செல்வர்கள் இரண்டு கடமைகளை மேற்கொள்ளுதல் நன்று. நிலத்திலோ திருப்பணியிலோ பழங்கல் வெளிப்பட்டால், அதனை உடையாமலும் சாந்து பூசாமலும் காத்துத் தொல்லியல் துறையினர்க்கு அறிவித்தல் ஒன்று. உபயகாரர் பெயர் பொறிக்கும் சலவைக்கல்லின் அருகே, தச்சர், கொத்தர், சாந்து சுமந்தோர், திருவலகிட்டோர் பெயர்களையும் பொறித்தல் மற்றொன்று. அதற்கு வேண்டும் பொருள் சிறிது. அதனால் விளையும் அறம் பெரிது.

பொருள் ஈந்தவரும் உடல் உழைத்தவரும் இறைவன் திருமுன் ஒரு நிறையினரே. ஒரு காவல் நாய்க்கும் கல்லில் இடம் தந்த மண்ணில், கோயில் கட்டிய கைகளுக்கு இடம் இல்லையாதல் தகுமோ?

எளியோர்க்கு எளியவனாகிய சிவபெருமான் திருவருள் யாவர்க்கும் சுரப்பதாக!

திருச்சிற்றம்பலம்