பூனைக்குட்டி வக்கீல் வைத்த கதை



அண்டை வீட்டுச் சண்டையையும் பக்தியையும் பற்றிப் பேச என்னைக் காஞ்சிபுரத்துக்கே கூப்பிட்டிருக்கிறீர்கள். விழாக் குழுவினருக்குக் குறும்பு கொஞ்சம் அதிகம்தான். திருநெல்வேலிக்காரர்களுக்கு அல்வா கிண்டக் கற்றுத்தரச் சொல்கிறீர்கள்!

வரதராஜப் பெருமாள் ஒருவர்தான். ராமானுஜரும் ஒருவர்தான். நாலாயிரப் பிரபந்தமும் அதேதான். இருந்தும் வைணவர்களில் வடகலையார் நெற்றியில் நாமம் புருவ நடுவே வளைந்து நின்றுவிடுகிறது. தென்கலையார் நெற்றியில் மூக்கின்மேல் பாதம் இறக்குகிறது. கோயில் யானைக்கு எந்த நாமம் போடுவது என்ற வழக்கு லண்டன் வரை போனதாக ஊரில் ஒரு கதை உண்டு. யானையை யாரும் சாட்சிக்குக் கூப்பிடவில்லை போலிருக்கிறது.

சிரிக்கலாம். ஆனால் இந்தச் சண்டைக்கு அடியில் கிடக்கும் கேள்வி சின்னதல்ல. கடவுள் காப்பாற்றுவதற்கு மனிதன் ஏதாவது செய்ய வேண்டுமா? குரங்குக்குட்டி தாயின் வயிற்றை இறுகப் பற்றிக்கொள்ள வேண்டும் என்பார்கள் வடகலையார். பூனைக்குட்டி சும்மா கிடந்தால் போதும், தாயே கவ்விக்கொண்டு போகும் என்பார்கள் தென்கலையார். எவ்வளவு அழகான வாதம்! பிறகு என்ன ஆயிற்று? சும்மா கிடக்க வேண்டிய பூனைக்குட்டி வக்காலத்தில் கையெழுத்துப் போட்டது. தாயைப் பற்ற வேண்டிய குரங்குக்குட்டி பக்கத்துக் குட்டியின் குடுமியைப் பற்றியது. 19ஆம் நூற்றாண்டில் நீதிமன்றப் படியேறிய விவகாரம் இன்னும் முழுசாக இறங்கி வரவில்லை.

தகராறு பெரும்பாலும் தனியனில்தான், ஆசாரியரை வணங்கும் சுலோகத்தில். பிரபந்தம் சேவிக்கும்முன் எந்த ஆசாரியரை வணங்குவது? தென்கலையார் மணவாள மாமுனிகளைச் சொல்லும் ‘ஸ்ரீசைலேச தயாபாத்ரம்’ என்பார்கள். வடகலையார் வேதாந்த தேசிகரைச் சொல்லும் ‘ராமானுஜ தயாபாத்ரம்’ என்பார்கள். இரண்டிலும் இருப்பது தயை. தன் குருவின் தயைக்குப் பாத்திரமானவர் என்றுதான் இரண்டும் தொடங்குகின்றன. அதை யார் முதலில் சொல்வது என்பதில்தான் தயை தாட்சண்யமே கிடையாது!

வெறும் வீம்பு என்று இதை நான் தள்ளிவிட மாட்டேன். அத்யாபக மிராசு என்பது பிரபந்தம் சேவிக்கும் கோஷ்டியில் நிற்கும் உரிமை, தலைமுறை தலைமுறையாக வந்த மரியாதை. நம்பாதவன் இவ்வளவு நாள் வழக்காட மாட்டான். இரண்டாவது வாய்தாவிலேயே வீட்டுக்குப் போய்விடுவான்.

இத்தனை வழக்கும் யார் பேரில்? இதோ இங்கே தூப்புலில் பிறந்தவர் தேசிகர். 1369இல் அவர் மறைந்தார் என்றும், 1370இல் மாமுனிகள் பிறந்தார் என்றும் சம்பிரதாயம் கணக்குச் சொல்கிறது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததே இல்லை.

தென்கலையார் போற்றும் இன்னொருவர், பிள்ளை லோகாசாரியர், தேசிகர் காலத்திலேயே இருந்தவர். டில்லிப் படை திருவரங்கத்துக்குள் புகுந்தபோது, தள்ளாத வயதில் அரங்கத்து உற்சவர் அழகிய மணவாளரை எடுத்துக்கொண்டு தெற்கே போனார் அவர்; வழியிலேயே உயிர் போயிற்று. தேசிகரோ ஸ்ரீபாஷ்யத்தின் உரையான சுருதப்பிரகாசிகை ஏட்டையும், அதை எழுதியவரின் இரண்டு பிள்ளைகளையும் காப்பாற்றப் பிணக்குவியலுக்குள் படுத்துக்கிடந்தார். குருபரம்பரைக் கதைகள் சொல்வது இது. விக்கிரகத்தை ஒருவர் காத்தார், ஏட்டை ஒருவர் காத்தார். அன்றைக்கு யார் முன்னால், யார் பின்னால் என்று கேட்க அரங்கத்தில் ஆளில்லை.

வைகாசியில் இங்கே வரதரின் கருட சேவை பார்க்க வருகிறவர்கள் ஒன்று செய்யுங்கள். கோஷ்டியில் குரல் உயர்ந்தால் எல்லோர் கண்ணும் அங்கேதான் போகும். நீங்கள் கொஞ்சம் பின்னால் பாருங்கள். ஸ்ரீபாதம் தாங்கிகள் நிற்பார்கள். பெருமாள், கருடன், குடை, மாலை அத்தனை பாரமும் தண்டு வழியாக அவர்கள் தோளில் இறங்கிக்கொண்டிருக்கும். தனியன் முடிவாகும் வரை இறக்கி வைக்க முடியாது. வியர்வையில் அவர்கள் நெற்றி நாமம் கரைந்து வழியும். அதற்குப் பாதம் இருந்ததா இல்லையா என்று அப்போது கண்டுபிடிக்க முடியாது.