எலிப்பொறி வைக்கும் முறை

எலி பிடித்தல் சிறுபிள்ளை வேலை என்று எண்ணுவோர் பலர். 1914ஆம் ஆண்டிற் கொழும்பினுட் புகுந்த பிளேக்கு நோய், எலிகளைக் கொன்று, அவற்றின் தெள்ளுகள் வாயிலாக மனிதரையும் பற்றியது. பிளேக்கு ஒழிந்தது, எலியின் சிறுநீராற் பரவும் எலிக்காய்ச்சலோ இலங்கையில் இன்றும் உயிர் குடிக்கின்றது.

கொட்டாஞ்சேனையின் பழைய ஓட்டு வீடுகளில் உத்தரத்தின் மீது ஓடுவது மெலிந்த கூரையெலி. வெள்ளவத்தைக் கால்வாயோரத்தில் வளை தோண்டுவது பருத்த கானெலி. முன்னதற்குப் போதிய பொறி பின்னதற்குப் போதாது. வில் தளர்ந்த பொறி காலையோ வாலையோ கவ்வும். பிராணி இரவெல்லாம் வதைபடும். தப்பினால் மீண்டும் அணுகாது. கழுத்தில் விழுந்து கணத்திற் கொல்லும் வன்மையான வில்லே வேண்டும். மலிவு நோக்குவோர் இவ்விடத்திலேயே தவறுகின்றனர்.

எலி மீசையாற் சுவரைத் தடவியே செல்லும். நடுவறையில் வைத்த பொறியால் வீட்டுக்காரரின் கால்விரலுக்கே ஆபத்து! இரைத்தட்டுச் சுவரை முட்டுமாறு பொறியைக் குறுக்காக வைத்தல் வேண்டும். புதுப்பொருளை எலி ஐயுறும். ஆதலால், அனுபவசாலிகள் இரண்டு மூன்று இரவுகள் வில்லை ஏற்றாமலே சுட்ட தேங்காய்ச் சொட்டையோ கருவாட்டையோ வைத்துப் பழக்கிய பின்னரே, ஒரே இரவில் எல்லாப் பொறிகளையும் ஏற்றுவர். இரையை நூலாற் கட்டிவிட்டால் எலி அதனை எளிதிற் கௌவிச் செல்லாது.

விடிந்ததும் செத்த எலியை வெறுங்கையால் எடுத்து வீசுவோர் உளர். விரலிற் சிறு கீறல் இருந்தாலும் எலிக்காய்ச்சற் கிருமி உட்புக அது போதும்.