செயலியில் ரத்து, சாலையில் பயணமா?

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் சென்னை விமானத்தில் நம்மவர் கூட்டம்தான். துணி எடுக்க, கோயில் சுற்ற, சொந்தம் பார்க்க எனக் காரணங்கள் பல. பெட்டியில் மைலோ முதல் தைலம் வரை மறக்காமல் ஏறிவிடும். விமான நிலையத்திலிருந்து வெளியேறும் ஏற்பாடு மட்டும் பலரிடம் இருக்காது. "அதுதான் கைப்பேசியில் கிராப் இருக்கிறதே" என்பார்கள்.

கிராப் வண்டிச் சேவை இந்தியாவில் இல்லை. 2012இல் மைடெக்சி என்ற பெயரில் மலேசியாவில் தொடங்கிய அது, தென்கிழக்காசிய நாடுகளுக்கானது. சிங்கப்பூரிலும் பேங்காக்கிலும் அதே செயலி போதும். சென்னைக்கு ஊபர் அல்லது ஓலா வேண்டும். ஊபர் 2018இல் தன் தென்கிழக்காசியத் தொழிலைக் கிராப்பிடம் விற்றுவிட்டதால், இங்கே பலருடைய கைப்பேசியில் அது கிடையாது. இறங்கிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றால், பதிவுக்கான எண் குறுஞ்செய்தியாக வரவேண்டும். ரோமிங் இல்லாத மலேசிய எண்ணுக்கு அது எப்படி வரும்? வீட்டில் இருக்கும்போதே பதிவு செய்துவிடுங்கள்.

வண்டியை அழைத்ததும் ஓட்டுநர் கூப்பிடுவார். "எங்க சார் போகணும்? கேஷா, ஆன்லைனா?" தமிழில் பேசுகிறாரே என்று நம்மவர்கள் குளிர்ந்துபோவார்கள். கேட்பதில் தவறில்லை; ரொக்கம் என்றால் அன்றைய எரிபொருளுக்கு உடனே கையில் காசு. அடுத்து அவர் சொல்வதில்தான் கவனம் வேண்டும்: "ஆப்ல கேன்சல் பண்ணிடுங்க, அதே காசுக்கு நானே கொண்டு விடுறேன்."

அவர் நல்லவராகவே இருக்கலாம். பெரும்பாலோர் நல்லவர்கள்தாம், பிழைப்புக்காகக் கமிஷனை மிச்சம் பிடிக்கப் பார்க்கிறார்கள். ஆனால் ரத்து செய்துவிட்டால், அந்தப் பயணமே நடக்கவில்லை என்றுதான் பதிவில் இருக்கும். நள்ளிரவில் வயதான அம்மாவும் பெண் பிள்ளைகளும் ஏறிய வண்டி எந்த வழியில் போகிறது என்று யாருக்கும் தெரியாது. பின்னிருக்கையில் கைப்பையை விட்டுவிட்டால், அதற்குள் கடப்பிதழ் இருந்தால், யாரிடம் போய்க் கேட்பது?

வண்டி வந்ததும் நம்பர் பிளேட்டைச் செயலியோடு ஒப்பிடுங்கள். பயணத்தைத் தொடங்க ஓட்டுநர் கேட்கும் நான்கு இலக்க எண்ணை, அதே வண்டிதான் என்று தெரிந்து ஏறிய பிறகே சொல்லுங்கள். அப்புறம், பயணத்தைப் பகிரும் பொத்தானை அழுத்தி வீட்டுக்கு அனுப்புங்கள். வண்டி கிண்டியைத் தாண்டுவதைக் கிள்ளானில் இருக்கும் மகன் பார்த்துக்கொண்டிருப்பான்.