பிளஸ் டூவோடு நின்றுவிட வேண்டாம்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கடன், சேமிப்பு, வங்கி இணைப்பு பற்றியெல்லாம் எனக்கு முன்னால் பேசியவர்கள் நன்றாகச் சொல்லிவிட்டார்கள். என்னைப் பிள்ளைகள் படிப்பைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். அதில் ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு உள்ள நம் பிள்ளைகள் கல்லூரிக்குப் போவது பற்றி. திண்டுக்கல்லில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். கூடவே, அங்கே மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான சம வாய்ப்பு மையத்துக்கும் நான்தான் பொறுப்பு. அங்கே பார்த்ததைத்தான் சொல்லப்போகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஆட்டிசம் என்பது தொற்றுகிற நோய் இல்லை, சாபமும் இல்லை. மூளை வளர்ந்த விதம் வேறு, அவ்வளவுதான். அமெரிக்காவில் லியோ கானர் என்ற மருத்துவர் 1943-ல் இதை விவரித்து எழுதினார். அதற்குப் பிறகு பல வருஷம், "அம்மா பாசம் காட்டாததால்தான் பிள்ளை இப்படி ஆனது" என்று பெரிய படிப்பு படித்தவர்களே சொல்லிக்கொண்டிருந்தார்கள். அது தவறு என்று ஆராய்ச்சியில் தெரிந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. ஆனால் நம்ம ஊரில் இன்னும் "நீ வளர்த்த லட்சணம்" என்று தாயைத்தானே சொல்கிறார்கள்? இந்தக் கூட்டத்தில் அந்தப் பேச்சு கேட்ட அம்மாக்கள் இருப்பீர்கள். உங்கள் மேல் தப்பு இல்லை.

டெம்பிள் கிராண்டின் என்று ஒரு அம்மா அமெரிக்காவில் இருக்கிறார். 1947-ல் பிறந்தவர், ஆட்டிசம் உள்ளவர். மூன்று வயது தாண்டியும் அவருக்குப் பேச்சு வரவில்லை. பிறகு படித்தார், 1989-ல் முனைவர் பட்டம் வாங்கினார், பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆனார். அவர் வேலை மாடுகளைப் பற்றியது. மாடு எதைப் பார்த்து மிரளும்னு நமக்குத் தெரியும். தொங்குகிற சங்கிலி, திடீர்னு விழுகிற நிழல், படார்னு ஒரு சத்தம். இதையெல்லாம் மாட்டின் இடத்திலிருந்து பார்த்து, அது மிரளாமல் நடந்து போகிற மாதிரி தடுப்புப் பாதைகளை வடிவமைத்தார். "மாட்டை அடித்து ஓட்டாதே, அதை மிரட்டுகிற பொருளை எடு" என்பதுதான் அவர் வேலையின் சாரம். கல்லூரியில் எங்கள் வேலையும் கிட்டத்தட்ட இதுதான்.

இப்போது சட்டத்துக்கு வருகிறேன். 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது. ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு மூன்றும் அதில் உண்டு. 40 சதவீதம் அல்லது அதற்கு மேல் குறைபாடு என்று சான்று இருந்தால், அரசுக் கல்லூரியிலும் அரசு உதவி பெறும் கல்லூரியிலும் 100 இடத்துக்கு 5 இடம் ஒதுக்க வேண்டும். சேருகிற வயதிலும் 5 வருஷம் தளர்வு உண்டு. நம் அரசு கலைக் கல்லூரிகளில் இவர்களுக்கென்று சிறப்புப் பிரிவுக் கலந்தாய்வு, பொதுக் கலந்தாய்வுக்கு முன்னாலேயே நடக்கிறது. தேர்வில் சொல்வதை எழுதுவதற்கு ஆள் வைத்துக்கொள்ளலாம். மூன்று மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகக் கேட்கலாம்.

அப்படியென்றால் கதவு திறந்துதான் இருக்கிறது. பிறகு ஏன் நம் பிள்ளைகளை அங்கே காணோம்? இதே சட்டத்தில் இலவசக் கல்வி 18 வயது வரைக்கும்தான். அதுவரை பள்ளிக்கூடம் என்று ஒரு இடம் இருக்கிறது. பிளஸ் டூ முடிந்த மறுநாள் பிள்ளை வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தால், அதோடு அம்மாவும் வீட்டுக்குள் உட்கார்ந்துவிடுகிறார். குழுக் கூட்டத்துக்கு வருவதும் நின்றுபோகிறது. "அவளை யார்கிட்ட விட்டுட்டு வர்றது?" என்ற கேள்வியை நீங்கள் எல்லாரும் கேட்டிருப்பீர்கள்.

ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் சொல்லவில்லை. அவள் அம்மாவிடம் கேட்டுக்கொண்டுதான் சொல்கிறேன். மலையிலிருந்து 18 கொண்டை ஊசி வளைவு இறங்கி பஸ்ஸில் வருகிற பிள்ளை. ஆட்டிசம் உண்டு. பி.காம். சேர்ந்தாள். கணக்கில் கெட்டி. முதல் வாரம் கல்லூரி மணி அடித்ததும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு வகுப்பை விட்டு ஓடினாள். பிள்ளைகள் சிரித்தார்கள். "இது இங்கே சரிப்படாது, வீட்டில் வைத்துப் பாருங்கள்" என்று அவள் அம்மாவிடம் ஒருவர் சொல்லியும்விட்டார். அந்த அம்மா டி.சி. கேட்டு எழுதிய கடிதத்தோடு என் அறைக்கு வந்தார்.

நாங்கள் என்ன செய்தோம்? அவளை மணியிலிருந்து தள்ளி, வாசலோரம் உட்கார வைத்தோம். மணி அடிக்க இரண்டு நிமிஷம் இருக்கும்போதே வெளியே போகலாம் என்று ஆசிரியர்களிடம் சொன்னோம். நூலகத்தின் மூலையில் ஒரு மேசையை ஒதுக்கினோம். மனசு கலங்கினால் அங்கே போய்க் கொஞ்ச நேரம் உட்காரலாம். யாரும் ஏன் என்று கேட்கக்கூடாது. அன்றன்றைக்கு எந்த வகுப்பு, எந்த அறை என்று ஒரே தாளில் எழுதிக் கொடுத்தோம். மாற்றம் இருந்தால் முதல் நாளே சொன்னோம். ஆசிரியர்களிடம், ஒரு நேரத்தில் ஒரு வேலையைச் சொல்லுங்கள், என் கண்ணைப் பார்த்துப் பேசு என்று கட்டாயப்படுத்தாதீர்கள் என்று கேட்டுக்கொண்டோம். அறுபது பேர் முன்னால் நின்று பேச வேண்டிய செமினாரை, ஆசிரியர் ஒருவர் முன்னால் மட்டும் பேசினாள். கூடப் படிக்கிற ஒரு பெண் துணையாக இருக்க முன்வந்தாள். அவள் இவளுக்காக எழுதித் தரமாட்டாள். "கேன்டீன் இந்தப் பக்கம், இன்னிக்கு ரெக்கார்டு நோட்டு வேணும்" என்று சொல்லிக் கொடுப்பாள்.

இதற்கெல்லாம் ஆன செலவு எவ்வளவு தெரியுமா? தாள் செலவுதான். அந்தப் பெண் இப்போது மூன்றாம் வருஷம். இரண்டு பேப்பர் அரியர் இருக்கிறது. மற்ற பிள்ளைகளுக்கும்தான் இருக்கிறது. டி.சி. கடிதம் இன்னும் என் மேசை டிராயரில் கிடக்கிறது.

வெளிநாட்டில் இதை முறையாகவே நடத்துகிறார்கள். அமெரிக்காவில் மார்ஷல் பல்கலைக்கழகம் 2002-லிருந்து ஆட்டிசம் உள்ள மாணவர்களுக்கென்றே தனி உதவித் திட்டம் நடத்துகிறது. கனடாவில் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் 1987-லேயே, அறிவுசார் குறைபாடு உள்ள இளைஞர்கள் மற்ற மாணவர்களோடு வகுப்பில் உட்கார வழி செய்தார்கள். அவர்களால் முடிந்த அளவுக்குப் பாடம், கூடவே பழக்கவழக்கம், வேலைப் பயிற்சி. நம் பக்கத்திலும் திருச்சியில் பாரதிதாசன் பல்கலைக்கழகம் மாற்றுத்திறனாளிகளுக்கென ஒரு மையம் வைத்திருக்கிறது.

எல்லாப் பிள்ளையும் பட்டம் வாங்கும் என்று நான் ஆசை காட்டவில்லை. சில பிள்ளைகளுக்குப் பட்டப்படிப்பு பொருந்தாது. அவர்களுக்குக் காசு எண்ணுவது, தனியாக பஸ் ஏறுவது, ஒரு வேலையைத் தொடங்கி முடிப்பது, இதுதான் படிப்பு. நம் குழுக்கள் மிளகு, காபி, வாழைப்பழம் என்று பொட்டலம் போட்டு விற்கும் இடத்தில் அப்படி ஒரு பிள்ளைக்கு எடை போடும் வேலையைப் பழக்கலாம். ஆனால் எந்தப் பிள்ளைக்கு எது என்பதை முயன்று பார்த்து முடிவு பண்ணுங்கள். பார்க்காமலே "இதுக்கு எதுக்குக் காலேஜ்" என்று சொல்லாதீர்கள். கிராமத்துப் பிள்ளைக்கு எதற்கு உயர்கல்வி என்று கேட்ட காலமும் இருந்தது. நம் சிறுமலை அடிவாரத்திலேயே காந்திகிராமத்தில் 1956-ல் கிராமியக் கல்வி நிறுவனம் வந்தது, 1976-ல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது. இன்று அந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை.

கூட்டமைப்புக்கு என் வேண்டுகோள் நான்கு.

ஒன்று, ஒவ்வொரு குழுவும் தன் உறுப்பினர் வீட்டில் 14 வயதுக்கு மேல் இப்படிப் பிள்ளை இருக்கிறதா என்று அடுத்த கூட்டத்தில் கேட்டு, தீர்மான நோட்டில் எழுதுங்கள். தாய் சம்மதித்தால் மட்டும்.

இரண்டு, சான்றிதழும் தேசிய அடையாள அட்டையும் பிளஸ் டூவுக்கு முன்பே கையில் இருக்க வேண்டும். கலந்தாய்வு வந்த பிறகு ஓடினால் நேரம் போதாது. கலெக்டர் ஆபீஸில் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் இருக்கிறது. பள்ளிப் பொதுத்தேர்வுச் சலுகையையும் தலைமை ஆசிரியரிடம் முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள்.

மூன்று, கலந்தாய்வுக்குப் போகும் தாயோடு குழுவிலிருந்து ஒருவர் கூடப் போங்கள். தனியாகப் போகிற தாயை "அப்புறம் வாங்கம்மா" என்று அனுப்புவது சுலபம். இரண்டு பேராகப் போனால் அப்படிச் சொல்ல யோசிப்பார்கள். அரசுப் பள்ளியில் படித்த பெண் பிள்ளையென்றால் 2022-லிருந்து வரும் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் கிடைக்குமா என்றும் அங்கேயே கேளுங்கள். அது பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் ஆகும்.

நான்கு, சேர்ந்த முதல் மாதம் கல்லூரிக்குப் போய், "சம வாய்ப்பு மையம் எங்கே இருக்கு? எங்க பிள்ளைக்கு இன்னின்ன வேணும்" என்று எழுதிக் கொடுங்கள். வாயால் சொன்னால் மறந்துபோகும், தாளில் இருந்தால் பதில் சொல்லியாக வேண்டும். இதைக் குழுவில் இருக்கிற உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. வங்கியில் மனு கொடுத்துக் கடன் வாங்கியவர்கள் நீங்கள்.

பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்கச் சட்டம் இருக்கிறது. சேர்ந்த பிள்ளை அங்கே நிலைத்து நிற்க ஆட்கள் வேண்டும். இந்தக் கூட்டமைப்பில் அந்த ஆட்கள் இருக்கிறீர்கள். வருகிற ஜூன் மாதம் உங்களில் யாராவது ஒரு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்தால் எனக்குச் சந்தோஷம்.